மலபார் என்றொரு மிட்டாய்

வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் தேர் திரும்புகிற மூலைக்கு நாலு வீடு தள்ளி, திண்ணையில் எந்நேரமும் ஒரு சாய்வு நாற்காலியும், அந்த நாற்காலியில் எந்நேரமும் ஒரு முதியவருமாக விளங்கிய வீடொன்று என் பால்ய காலத்தில் இருந்தது. ஊரார் அதனைச் ‘சொல்தா வீடு’ என்பார்கள். பிரெஞ்சுப் படையில் சேவகம் செய்து, இந்தோசீனாவில் இளமையைக் கழித்து, பிரெஞ்சு சர்க்கார் தரும் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களைச் ‘சொல்தா’ என்று அழைப்பது புதுச்சேரி வட்டாரத்து வழக்கம். போர்வீரனைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் எங்கள் ஜனங்களின் நாவில் புரண்டு புரண்டு தமிழாகிவிட்ட ரூபம் அது.

1970-களின் தொடக்கத்தில் ஓர் ஆடி மாதம் அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகள் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார்கள். அவ்வீட்டுப் பெரியம்மா தெருப்பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, ஆளுக்கொன்றாக உள்ளங்கையில் வைத்த பண்டத்தை இன்றளவும் நான் மறந்தேனில்லை. மஞ்சள் காகிதத்தைப் பிரித்தால், ரோஜா நிறத்தில், பெரியவர்களின் கட்டைவிரல் பருமனில், மேலே மெல்லிய மாவு படிந்த ஒரு கட்டி இருந்தது. முதற்கடியில் தாடையை எதிர்த்து நின்று, இரண்டாங்கடியில் சற்றே இணங்கி, அதன் பிறகு வாய் கொள்ளாத தித்திப்பும் பெயர் தெரியாத ஏதோ ஒரு பழத்தின் வாசனையுமாகப் பெருகிய அந்தப் பண்டம், தித்திப்பெல்லாம் கரைந்துபோன பின்னும் கரையாமல் நாக்கின்மேல் கிடந்ததுதான் எங்களுக்குப் பேராச்சரியமாக இருந்தது. உட்காகிதத்தில் அச்சிட்டிருந்த படத்தை எச்சில் தொட்டு முன்கையில் ஒட்டவைத்து, நூறு வரை எண்ணிவிட்டு மெதுவாக உரித்தபோது, காகிதத்தில் இருந்த படம் தோலுக்குக் குடிபெயர்ந்திருந்தது. அன்றிரவு அந்தக் கை நனையாதபடி நான் சாப்பிட்ட விதத்தைக் கண்டு என் தாயார் கோபித்துக்கொண்டதும் நினைவிருக்கிறது.

காகிதத்தின் மேல் எழுதியிருந்ததை எங்களுள் ஒருவன் எழுத்துக்கூட்டிப் படிக்க, நாற்காலியில் சாய்ந்திருந்த பெரியவர் எழுந்து உட்கார்ந்தார்.

“மலபாருன்னா யாருன்னு தெரியுமாடா?”

“மலையாளத்துக்காரங்களா, தாத்தா?”

“இல்லடா. நாமதாண்டா. வெள்ளைக்காரன் நம்மளத்தான் அப்பிடிக் கூப்பிடுவான்.”

அவ்வளவுதான் அவர் சொன்னது. மிட்டாய்க்குப் பெயராக நாங்கள் எப்படி ஆனோம் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை; வாயில் இருந்ததைக் குமிழியாக ஊதும் வித்தையைக் கற்பதற்கே அன்றைய பொழுது போதவில்லை. கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியைப் பிற்பாடு நானே தேடித் திரிந்து, சிறிது சிறிதாகத் தெரிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

அந்த ரோஜா நிறக் கட்டி வருவதற்கு முன்னால் எங்கள் கிராமங்களில் மெல்லுவதற்கும் ஊதுவதற்கும் ஒன்றுமில்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. வாய்க்கால் கரையெங்கும் வேலியாக நிற்கிற காட்டாமணக்கின் இலைக்காம்பை ஒடித்து, ஊறி வருகிற பாலைக் காம்பின் பிளவில் மெல்லிய படலமாகத் தேக்கி, உதட்டருகே பிடித்து ஊதினால், வானவில்லின் வர்ணங்கள் ஓடும் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டு, வாய்க்கால் நீர்மேல் மிதந்து சென்று மறையும். அந்தப் பால் நாக்கில் படலாகாது, பட்டால் வாந்தி வரும் என்று பெரியவர்கள் எச்சரிப்பதும், பிள்ளைகள் அதனைக் கேட்டுக்கொண்டே ஊதுவதும் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்தவை.

மெல்லுவதற்கோ கருவேலம் பிசின் இருந்தது. ரேஷன் கடையில் கோதுமை போடத் தொடங்கிய பிறகு அதற்கும் மேலான ஒன்று கிடைத்தது. பச்சைக் கோதுமையை ஒரு பிடி வாயிலிட்டு அவசரப்படாமல் மென்றுகொண்டேயிருந்தால், மாவுச்சத்தெல்லாம் எச்சிலோடு கரைந்து உள்ளே போய்விட, கோதுமையின் பசைச்சத்து மட்டும் வெண்மையான ஒரு சவ்வாகத் திரண்டு நாக்கில் நிற்கும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். கல் பொறுக்குவதற்காக முறத்தில் பரப்பியிருந்த கோதுமை குறைவதன் காரணம் எல்லாத் தாய்மாருக்கும் தெரிந்தே இருந்தது.

வைகாசியில் வில்லியனூர்த் தேர் வந்தால் சவ்வுமிட்டாய்க்காரரும் வருவார். பிரெஞ்சுக்காரர் ஆண்ட நாளில் கவர்னரே வந்து வடம் தொட்டு இழுத்துத் தொடங்கிவைத்த தேர் அது. ஆட்சி மாறிய பிறகும் துணைநிலை ஆளுநரும் மந்திரிகளும் வடம் பிடிக்கும் மரியாதை நின்றுபோகவில்லை. கூட்டத்துக்கு மேலாக உயர்ந்து தெரிகிற மூங்கிலின் உச்சியில் பாவாடை கட்டிய பொம்மையொன்று கைதட்ட, அதன் கீழே சுற்றியிருக்கும் சிவப்பும் வெள்ளையுமான பாகிலிருந்து ஓர் இழையை இழுத்து, நாம் கேட்டபடி மயிலாகவோ கைக்கடிகாரமாகவோ முறுக்கி மணிக்கட்டில் கட்டிவிடுவார் அவர். லூர்து மாதா கோயில் திருவிழாவுக்கும் அதே மனிதர் அதே பொம்மையோடு வருவார். பிரான்சிலிருந்து 1877-ல் வந்திறங்கிய மாதாவின் சொரூபத்தை வணங்கக் கூடுகிற ஜனங்களுக்கும், திருக்காமீசுவரரின் தேர் பார்க்க வருகிற ஜனங்களுக்கும் இடையில், மிட்டாய் கேட்டு அழுகிற பிள்ளைகளின் விஷயத்தில் எவ்வித பேதமும் இருந்ததில்லை.

மென்று துப்புகிற பிசினை உலகத்துக்குப் பெரிய வியாபாரமாக ஆக்கிக்கொடுத்த மரம், நம் தோட்டங்களில் நிற்கிற சப்போட்டாதான் என்று அறிந்தபோது நான் வியப்படைந்தேன். அம்மரத்தின் தாயகம் மெக்ஸிகோவும் அதனை அடுத்த நாடுகளும். அங்குள்ள மாயர்களும் ஆஸ்டெக்குகளும் அதன் பட்டையைக் கீறி எடுத்த பாலைக் காய்ச்சி மென்று வந்தார்கள். மெக்ஸிகோவின் முன்னாள் ஜனாதிபதியான சாந்தா அன்னா நாடு கடத்தப்பட்டு நியூயார்க்கில் தங்கியிருந்த நாளில், அந்தப் பிசினிலிருந்து ரப்பருக்கு மாற்றுப் பொருள் செய்யலாம் என்று தாமஸ் ஆடம்ஸ் என்பவருக்கு ஆசை காட்டினார். ரப்பர் வரவில்லை, முயற்சிகளெல்லாம் வீணாகிக் கையிருப்புப் பிசின் தேங்கிப்போன நிலையில் ஆடம்ஸ் அதனையே மெல்லும் பண்டமாக உருட்டி விற்கலானார், 1871-ல் அதற்குரிய இயந்திரத்துக்குக் காப்புரிமையும் பெற்றார்.

மெல்லும் பிசின் வேறு, குமிழி விடும் பிசின் வேறு. ஊதினால் கிழியாமல் விரிகிற அளவுக்கு இழுவையும், வெடித்தால் முகத்தில் அப்பிக்கொள்ளாத அளவுக்குப் பதமும் ஒருங்கே அமைவது எளிதன்று. பிலடெல்பியா நகரத்து ஃபிளீர் கம்பெனியின் ஃபிராங்க் ஃபிளீர் 1906-ல் செய்து பார்த்த முதல் குமிழிப் பிசின், தோலில் ஒட்டினால் போகாது என்ற குற்றத்தினால் கடைக்கு வராமலே நின்றுவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலான பிறகு, அதே கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த வால்ட்டர் டீமர் என்னும் 23 வயது இளைஞர், ஓய்ந்த வேளைகளில் கலவைகளை மாற்றி மாற்றிச் சோதித்து, 1928-ல் அந்தப் பதத்தைக் கண்டுபிடித்தார். அன்று கைக்கெட்டிய தூரத்தில் இருந்த சாயம் ரோஜா நிறம் ஒன்றே. அதனை ஊற்றிக் கலந்தார். ஒரு கணக்குப்பிள்ளையின் மேசையருகே அன்று தற்செயலாக இருந்த சாயம், உலகமெங்கும் குமிழி மிட்டாய்க்கு இயற்கையான நிறம்போல நிலைத்துவிட்டது. தம் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை வாங்கவேயில்லை. விற்பனைக்குப் போகிற பணியாளர்கள் கடைக்காரர் முன்னால் ஊதிக் காட்ட வேண்டுமே என்பதற்காக, அவர்களுக்குக் குமிழி விடக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தாம்.

இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் பிரான்சின் கடற்கரையில் இறங்கியபோது அவர்களுடைய சட்டைப்பைகளில் மெல்லும் பிசினும் இறங்கியது. யுத்தம் முடிந்த பின்னர், அவ்விதம் வந்திறங்கியவர்களுள் ஒருவரான கோர்ட்லண்ட் பார்ஃபே 1952-ல் பிரான்சிலேயே ‘ஹாலிவுட்’ என்ற பெயரில் சூயிங்கம் தொழிலைத் தொடங்கினார். அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து, 1958-ல், கிரேமா என்னும் மிட்டாய் நிறுவனத்தின் பெயரால் குழந்தைகளுக்கென்று ஒரு குமிழி மிட்டாய் வெளிவந்தது. மற்றவற்றைக் காட்டிலும் அது பருமன். மெல்லத் தாடை வலுவுள்ள பிள்ளை வேண்டும். அதற்கு அவர்கள் இட்ட பெயர்தான் ‘மலபார்’. 1969 முதல், பொன்னிறத் தலைமயிரும் புடைத்த புஜங்களும் கொண்ட ஒரு பலசாலியின் சித்திரம் அதன் அடையாளமாயிற்று. மனம் சலித்தால் மலபார் இருக்கிறது என்ற பொருளில், காதுக்கு இனிய எதுகையோடு அவர்கள் அமைத்த விளம்பர வாக்கியம், பிரான்சில் பிள்ளைப்பருவம் கழித்த ஒரு தலைமுறையினருக்கு முழுக்க மனப்பாடம்.

பிரெஞ்சுப் பேச்சுவழக்கில் ‘மலபார்’ என்றால் வாட்டசாட்டமான ஆள், எவ்வளவு பாரத்தையும் தூக்குகிற பலவான் என்று அர்த்தம். பெரிய மிட்டாய்க்கு ஏற்ற பெயர் என்று அதனைத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள். அந்த அர்த்தம் அச்சொல்லுக்கு எவ்வாறு ஏறிற்று என்பதை ஆராய்ந்த அகராதியாசிரியர்கள், இந்தியக் கரையில் கப்பல் சரக்கைச் சுமந்த கூலியாட்களின் தேகபலத்தைக் கண்ட மாலுமிகள், அவர்களின் பெயரையே பலசாலிக்குரிய பெயராக ஆக்கியிருக்கலாம் என்று கருதுகிறார்கள். அந்த ஒரு குறிப்பைப் படித்த அன்று, திண்ணைப் பெரியவரின் ‘நாமதாண்டா’ என்ற சொல் பல வருஷங்களைக் கடந்து வந்து என் காதில் விழுந்தது.

மலபார் என்பது இன்று நமக்குக் கேரளத்துக் கரையின் பெயர். ஆனால் மேற்குக் கரையில் முதலில் வந்திறங்கிய போர்ச்சுகீசியர், அங்கே கேட்ட பெயரைக் கிழக்கே வரும்போதும் உடன் கொண்டுவந்து, தமிழ் பேசும் ஜனங்களுக்கும் அதையே சூட்டிவிட்டார்கள். 1578-ல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்ற தமிழ் நூலின் முகப்பிலேயே அதன் மொழி ‘மலபார் தமுல்’ என்று குறிக்கப்பட்டிருக்கிறது. 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பாதிரியார் சீகன்பால்கு, தாம் பழகிய தமிழரை மலபாரிகள் என்றே ஐரோப்பியருக்கு எழுதினார். யாழ்ப்பாணத்துத் தமிழரின் வழக்கங்களை 1707-ல் டச்சுக்காரர் தொகுத்த தேசவழமையும் மலபார் மக்களின் சட்டம் என்றே வழங்கலாயிற்று. தமிழன் தன்னைத் தமிழன் என்று சொல்லிக்கொண்டிருந்த அதே காலத்தில், கடல்வழி வந்தவர்களின் ஏடுகளிலெல்லாம் அவன் மலபார்காரனாக இருந்தான்.

புதுச்சேரியில் அந்தப் பெயருக்கு ஓர் உத்தியோகமே இருந்தது. பிரெஞ்சுக் கம்பெனிக்குத் துணிகள் கொள்முதல் செய்து கொடுத்து, உள்ளூர் ஜனங்களின் வழக்குகளையும் தீர்த்துவைக்கும் தலைமைத் துபாஷிக்கு ‘மலபார்களின் தலைவர்’ என்பது பட்டம். 1708-ல் அந்தப் பதவிக்கு வந்த நைனியப்ப பிள்ளை, 1716-ல் கைதாகி மறுவருஷம் சிறையிலேயே மாண்டார். அவருடைய குமாரர் குருவப்ப பிள்ளை கடல் கடந்து பிரான்சுக்கே சென்று, தந்தையின்மேல் சுமத்திய பழியைத் துடைத்து, ராஜமரியாதைகளோடு திரும்பிவந்து அதே பதவியில் அமர்ந்தார். பிரெஞ்சுக் கவர்னர் தியூப்ளேயின் காலத்தில் அப்பதவியை வகித்தவர், 1736 முதல் தமிழில் நாட்குறிப்பு எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை. ஒரு சமூகத்துக்கு அந்நியர் இட்ட பெயரிலேயே அதிகாரத்தையும் அவமானத்தையும் அந்தச் சமூகத்தின் பிள்ளைகள் அனுபவித்த சரித்திரம் அது.

புதுச்சேரியை அடுத்த வில்லியனூரும் பாகூரும் அந்த வரலாற்றுக்குள் வந்து சேர்ந்ததும் அதே தியூப்ளே காலத்தில்தான். 1749-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஆர்க்காட்டு நவாபு பட்டத்துக்காக நடந்த போராட்டத்தில் பிரெஞ்சுக்காரரின் துணையைப் பெற்ற சந்தா சாகிபு தரப்பினர், அதற்குப் பிரதியாக இவ்விரு ஊர்களையும் அவற்றைச் சார்ந்த கிராமங்களையும் பிரெஞ்சுக் கம்பெனிக்குக் கொடுத்தார்கள். பல்லவர் காலத்திலேயே வித்தியாஸ்தானம் விளங்கிய பாகூரின் வயல்வெளியில் 1752 செப்டம்பரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினர். பிரெஞ்சுப் படை தோற்றது. ஆயினும் ஊர்கள் கைமாறிக் கைமாறி மீண்டும் பிரெஞ்சு வசமாகி, 1880-ல் கொம்யூன் என்ற ஸ்தல ஆட்சி முறை வந்தபோது வில்லியனூரும் பாகூரும் தனித்தனிக் கொம்யூன்களாயின. இன்றைக்கும் ‘கொம்யூன் பஞ்சாயத்து’ என்றுதான் சொல்கிறோம்.

இந்த ஊர்களின் வயல்களில் விளைந்ததும் தறிகளில் நெய்ததும் கப்பலேறுவதற்குப் புதுச்சேரியில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. அந்நாளில் கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நின்றன. கரைக்கும் கப்பலுக்கும் இடையே அலைகளின் உக்கிரத்தைத் தாங்கியவை, ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த சலங்கு என்னும் படகுகளே. அந்தச் சலங்கு என்ற சொல்லையும் பிரெஞ்சுக்காரர் தம் மொழிக்குள் எடுத்துக்கொண்டனர். 1866-ல் கடற்பாலம் கட்டி முடியும் வரையில், மூட்டையென்றும் பெட்டியென்றும் மனிதரென்றும் பாராமல் எல்லாவற்றையும் இடுப்பளவு நீரில் இறங்கித் தலையிலும் தோளிலும் சுமந்து சலங்கில் ஏற்றியவர்கள் எம் ஜனங்கள். அலையொன்று பின்வாங்கி மற்றொன்று எழுவதற்குள் ஒரு மூட்டையைக் கைமாற்றிவிட வேண்டும். கால் தவறினால் மூட்டையும் போகும், முதுகெலும்பும் போகும். பலசாலி என்பதற்கு ‘மலபார்’ என்ற பெயரைத் தந்த மாலுமிகள் எந்தத் துறையில் எந்த மனிதரைப் பார்த்தார்களோ, நான் அறியேன். ஆனால் அப்படிப்பட்ட மனிதர்கள் எங்கள் கரையிலும் இருந்தார்கள் என்பதை அறிவேன்.

சுமை தூக்கியவர்கள் மட்டுமல்லாமல், தாமே சுமையாகக் கப்பலேறியவர்களும் உண்டு. பிரெஞ்சுக் காலனிகளில் 1848-ல் அடிமை முறை ஒழிந்ததும், கரும்புத் தோட்டங்களுக்குக் கைகள் வேண்டியிருந்தன. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றப்பட்ட தமிழர்கள் ரெயூனியன் தீவிலும், மர்த்தினிக், குவாதலூப் தீவுகளிலும் சென்றிறங்கினார்கள். ரெயூனியனில் அவர்களுடைய சந்ததியாரை இன்றைக்கும் ‘மல்பார்’ என்றே அழைக்கிறார்கள். மொழியை ஏறக்குறைய இழந்தும், தீமிதியையும் காவடியையும் விடாமல் காத்து நிற்கிற அந்த ஜனங்கள், அந்நியர் இட்ட அந்தப் பெயரைத் தங்கள் குலப்பெயராகவே ஏற்றுக்கொண்டு கௌரவத்தோடு சொல்லிக்கொள்கிறார்கள்.

இனி, அந்த மிட்டாய் வில்லியனூருக்கு வந்த வழியைச் சொல்ல வேண்டும். 1954 அக்டோபர் 18-ஆம் தேதி, வில்லியனூரை அடுத்த கீழூரில், பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்ததில் 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு இசைந்தனர். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16-ல் நிறைவேறியபோது, விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையை எழுதிக்கொடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடாயிற்று. ஏறக்குறைய 5,000 பேர் அவ்வாறு செய்தனர். ஒரே வீட்டில் அண்ணன் இந்தியன், தம்பி பிரெஞ்சுக்காரன் என்று பிரிந்த குடும்பங்கள் உண்டு. பிள்ளைகள் பாரிசுக்குப் போனார்கள். பேரப்பிள்ளைகள் அங்கேயே பிறந்தார்கள். ஆடியில் அவர்கள் ஊருக்கு வரும்போது பெட்டியின் அடியில் வாசனைச் சோப்புகளுக்கும் சாக்லேட்டுக்கும் நடுவே மலபாரும் வந்தது. எங்கள் ஜனங்களின் பெயர் ஐரோப்பாவுக்குப் போய், அங்கே மனிதனின் பலத்துக்குப் பெயராகி, அதன்பின் மிட்டாயின் பெயராகி, எங்கள் உறவினரின் பெட்டியிலேயே வீடு திரும்பிய பிரயாணம் இதுதான்.

அந்தப் பெட்டி ஆண்டுக்கொருமுறைதான் திறக்கும். மற்ற நாட்களுக்குப் பாகூர்க் கடைத்தெருவிலும் வில்லியனூர் ரயிலடியிலும் இருந்த பெட்டிக்கடைகளின் கண்ணாடி ஜாடிகளே எங்களுக்குக் கதி. கமர்கட்டு, தேன்மிட்டாய், ஆரஞ்சு மிட்டாய், இலந்தவடை என்று வரிசையாக நின்ற அந்த ஜாடிகளின் நடுவில், 1980-களில் ‘பிக் ஃபன்’ பபிள்கம் வந்து இடம்பிடித்தது. அதன் காகிதத்துக்குள் கிரிக்கெட் ஓட்டங்களும் விக்கெட்டுகளும் அச்சாகி வரும். சேர்த்து வைத்துக் கொடுத்தால், விரலால் விரைந்து புரட்டும்போது ஆட்டக்காரர் மட்டை வீசுவதுபோலத் தோன்றுகிற சிறு புத்தகம் கிடைக்கும். பபிள்கம்மை மெல்லுவதற்காக வாங்கியவர்களைவிடக் காகிதத்துக்காக வாங்கியவர்களே மிகுதி. என் தம்பிமார் ஏரிக்கரையில் கிழிந்து கிடந்த காகிதங்களைக்கூடப் பொறுக்கிவந்து நீவி வைத்ததை நான் அறிவேன். 1990-களில் ‘பூமர்’ வந்தது, ‘பிக் பபூல்’ வந்தது. தொலைக்காட்சியில் பூமரின் பாட்டு ஒலித்தால் தெருப்பிள்ளைகள் கூடவே பாடினார்கள். அவற்றின் காகிதத்திலும் தோலில் ஒட்டும் படங்கள் வந்தன. பிரான்சுப் பிள்ளைகளின் முன்கையில் ஏறிய சித்திரம் போன்ற ஒன்று, கடைசியில் பாகூர்ப் பிள்ளைகளின் முன்கையிலும் ஏறிவிட்டது.

பபிள்கம்மை விழுங்கினால் குடல் ஒட்டிக்கொள்ளும் என்று எங்கள் அம்மாக்கள் பயமுறுத்தினார்கள். அப்படி ஒன்றும் ஆகாது, செரிக்காமல் தானே வெளியேறிவிடும் என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். பெஞ்சின் அடியில் தடவினால் பத்து வருஷமானாலும் அங்கேயே இருக்கும் என்பது மட்டும் உண்மையாயிற்று. சப்போட்டாப் பால் போய்விட்டது. யுத்தத்துக்குப் பிறகு பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து எடுத்த செயற்கைப் பசையே அதன் ஸ்தானத்தைப் பிடித்துக்கொண்டது. ஆகையால் மண்ணும் அதனைச் செரிப்பதில்லை.

மலபார் மிட்டாயும் பல கைகள் மாறிவிட்டது. அமெரிக்கப் பெருநிறுவனங்களின் உடைமையாயிருந்து, 2017-ல் கரம்பார் மிட்டாயோடும் பிற பழைய பெயர்களோடும் சேர்த்து மீண்டும் ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் வசமாயிற்று. அதற்கு முன்னரே, 2011-ல், பொன்மயிர்ப் பலசாலியை எடுத்துவிட்டு ஒரு பூனையை அடையாளமாக வைத்தார்கள். பிள்ளைப்பருவத்தின் பங்காளி ஒருவன் விடைபெற்றதுபோல அங்கே பலரும் வருந்தினார்கள். அவர்களுடைய வருத்தம் எனக்கு விளங்குகிறது. மிட்டாயின் ருசியை நாம் நினைவில் வைத்திருப்பதில்லை. அதை யார் உள்ளங்கையில் வைத்தார்கள், எந்தத் திண்ணையில் நின்று மென்றோம், யாரோடு பாதியாகக் கடித்துப் பங்கிட்டோம் என்பவற்றையே நினைவில் வைத்திருக்கிறோம். ருசி அந்த நினைவுகளைத் திறக்கிற சாவி, அவ்வளவே.

ஆயினும் எனக்கு ஒரு குறை உண்டு. அந்தப் பொன்மயிர்ச் சித்திரத்தைப் பார்த்து வளர்ந்த பிரான்சுப் பிள்ளைகளுக்கும், அதே சித்திரத்தை முன்கையில் ஒட்டிக்கொண்ட எங்களுக்கும், அந்தப் பெயருக்குரியவன் அலையில் இடுப்பளவு நின்ற ஒரு கறுத்த மனிதன் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவனுடைய பலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு முகத்தை விட்டுவிட்டது காலம். ஒரு சொல்லுக்குள் ஒரு ஜனத்தின் உழைப்பு அடங்கிக் கிடக்கும்போது, அதனை வாயிலிட்டு மெல்லுகிற பிள்ளைக்கு அதைச் சொல்லிவைப்பது பெரியவர்களின் கடமை என்று எண்ணுகிறேன். திண்ணைப் பெரியவர் தம் கடமையை நான்கே வாக்கியங்களில் செய்துவிட்டுப் போனார்.

சென்ற ஆடியில் சொல்தா வீட்டின் நான்காம் தலைமுறைப் பையன் ஒருவன் பாரிசிலிருந்து வந்திருந்தான். இப்போது திண்ணையும் இல்லை, சாய்வு நாற்காலியும் இல்லை. ஆனால் பெட்டியின் அடியில் மலபார் இருந்தது. அவன் எனக்கு ஒன்று கொடுத்தான்; என் பற்களுக்கு அது ஆகாது என்பதால் காகிதத்தை மாத்திரம் பிரித்து முகர்ந்தேன். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் பெயர் தெரியாதிருந்த அந்தப் பழத்தின் பெயர் இன்றும் தெரியவில்லை. வாசனை மட்டும் அதுவே.

சாயங்காலம் அவனை வாய்க்கால் கரைக்கு அழைத்துப்போய், ஒரு காட்டாமணக்குக் காம்பை ஒடித்துக் கொடுத்தேன். நாக்கில் படலாகாது என்று சொல்லித்தான் கொடுத்தேன். அவன் ஊதிய முதல் குமிழி அவன் கைக்கட்டை விரலளவே இருந்து உடைந்தது. ஐந்தாவது குமிழி நீருக்கு மேலாகக் கொஞ்ச தூரம் சென்றது. திரும்பி வரும் வழியில் அவன் தன் பையிலிருந்த மஞ்சள் காகிதத்தை எடுத்துக் காட்டி, கொச்சைத் தமிழில் கேட்டான்:

“தாத்தா, மலபார்னா யாரு?”

வீடு போய்ச் சேர அரை மைல் இருந்தது. சலங்கிலிருந்து தொடங்கினேன்.